சுண்டுவிரல் கிழக்கே, மோதிரவிரல் மேற்கே

சீயோன்விளைக்கு மேற்கே, ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம், யாருக்கும் தொந்தரவில்லாமல் எத்தனையோ காலமாகக் கிடந்த பெரிய தேரி, ஓர் ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையின் மூன்றாம் பாட்டில், நான்காம் சரணம் முடிந்து ஐந்தாம் சரணம் தொடங்கிய நொடியில், கிழக்கே ஓர் எட்டு எடுத்து வைத்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மணல் சரிவதும் தெரியும், காற்றில் பறந்து வாசலில் குவிவதும் தெரியும், சோற்றில் நறநறப்பதும் தெரியும். இது அப்படியில்லை. நாலு பனை உயரமும் மூன்று தெரு நீளமும் உள்ள அந்தச் சிவந்த மணல்மலை, தலைச்சுமையோடு நிற்கிற ஒருத்தி காலை மாற்றிப் போடுவதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, பதினோரு அடி தூரம் தள்ளி வந்து நின்றது. ஆலயத்துக்குள் இருந்தவர்களுக்கு, பெஞ்சின் ஓரத்தில் யாரோ கனத்த உடம்புக்காரர் வந்து உட்கார்ந்ததுபோல ஓர் அதிர்வு தெரிந்தது. சிலர் பழக்கத்தில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள். பிறகு ஆறாம் சரணத்தையும் பாடி முடித்து, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் நின்ற புளியமரம் இடுப்புவரை மணலுக்குள் நின்றது.

பியானோவில் இருந்தவள் எப்சிபா. வயது ஐம்பத்திரண்டு. ஊரின் சின்னப் போஸ்டாபீசில் தபால் பிரிப்பதும் முத்திரை குத்துவதும் கையெழுத்து வாங்குவதும் அவள் ஒருத்தியே என்பதால் ஊருக்கு அவள் போஸ்டக்கா. இருபத்தேழு வருஷமாக ஞாயிறு தவறாமல், கல்யாணம் தவறாமல், அடக்க ஆராதனை தவறாமல் அவள்தான் வாசித்தாள். வலது கை பாட்டைப் பாடும். ஊர் அதைக் கேட்கும். இடது கை பாட்டுக்குக் கீழே நடந்துகொண்டே இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, நடக்கிறவரை. பியானோக்காரர்கள் கட்டைவிரலை ஒன்று என்று தொடங்கிச் சுண்டுவிரலை ஐந்து என்று முடிப்பார்கள். எப்சிபாவின் சுண்டுவிரல் அடியில் கனத்த சுரம் ஒன்றைப் போட, நடுவிரலும் கட்டைவிரலும் அதற்கு மேலே மாறி மாறித் தொட, ஐந்து-மூன்று-ஒன்று-மூன்று, ஐந்து-மூன்று-ஒன்று-மூன்று என்று அந்தக் கை இருபத்தேழு வருஷம் ஊரைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

அன்று காலையில் அந்தக் கை ஓய்ந்து போயிருந்தது. அவள் புருஷன் கோயில்பிச்சை, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வாதம் வந்து இடது பக்கம் விழுந்து கட்டிலோடு ஆகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. அவரைப் புரட்டி, துடைத்து, ஈரத் துணிகளை அலசிப் பிழிந்து, கஞ்சி கொடுத்து, சேலை மாற்றி ஓடி வந்து உட்கார்ந்தவளுக்கு ஐந்தாம் சரணத்தில் நடுவிரல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆள்காட்டி விரலைப் போட்டாள். ஐந்து-இரண்டு-ஒன்று-இரண்டு. தேரி எட்டு எடுத்து வைத்தது அந்த இரண்டில்தான்.

அவள் அதை மறைக்கவில்லை. புளியமரத்தைச் சுற்றி நின்ற கூட்டத்திடம், தபால் ஒன்று வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"நான்தான் விரல மாத்திப் போட்டுட்டேன்."

பாடகர் குழுவுக்குத் தலைவரும் சபைச் செயலாளரும் ஆகிய தவசிமுத்து முன்னால் வந்தார். முருங்கைத் தோட்டக்காரர், எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார், அளந்து பார்த்துவிட்டால் எதையும் நம்புவார்.

"எந்த விரலு மைனி?"

"நடுவிரல் வரல்ல அண்ணாச்சி. ஆள்காட்டி விரலப் போட்டேன்."

"எந்தச் சரணத்துல?"

"அஞ்சாவது."

"நேரம் சரியாத்தான் இருக்கு" என்று அவர் ஐயரைப் பார்த்தார். சபைக் குருவான குணசீலன் ஐயர், அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தவர், மணலையும் எப்சிபாவின் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சாயங்காலம் கமிட்டி வச்சிருவோம்" என்றார்.

கமிட்டி உட்கார்ந்தது. தேரி ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நடக்கும், எந்த விரலுக்கு எந்தப் பக்கம் நடக்கும் என்பதையே பேசினார்கள். மறுநாள் தவசிமுத்து அளவுநாடாவோடு வெளியே நிற்க, எப்சிபா உள்ளே வாசிக்க, நடுவில் வாசலில் நின்று ஐயர் சத்தம் கொடுக்க, ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. ஐந்து-இரண்டு-ஒன்று வாசித்தால் தேரி கிழக்கே, ஊரைப் பார்த்து வரும். ஐந்து-மூன்று-ஒன்று வாசித்தால் நிற்கும், ஆனால் வாசிக்கிற நேரம் மட்டும்தான். ஒரு தடவை நடக்கத் தெரிந்துகொண்ட பிறகு, அது தினமும் மத்தியானம் காற்று எழும்புகிற வேளையில், யாரும் கூப்பிடாமலே ஊருக்குள் ஓர் எட்டு வைக்கிறது. அதைத் திருப்பி மேற்கே அனுப்ப ஒரே வழிதான் இருந்தது: அடியில் போடுகிற கனத்த சுரத்தைச் சுண்டுவிரலிடமிருந்து வாங்கி மோதிரவிரலிடம் கொடுப்பது. நான்கு-இரண்டு-ஒன்று-இரண்டு. பியானோ வாசிக்கிற யாரும் விரும்பிப் போடாத விரல் அது. ஐந்து விரலில் அதற்குத்தான் சொந்தமாகத் தெம்பு கிடையாது. நடுவிரல் எழும்பினால் எழும்பும், படுத்தால் படுக்கும். அந்த விரலை வைத்து ஒரு மலையைத் தள்ள வேண்டியிருந்தது.

"வேற யாரும் வாசிச்சா போகாதா?" என்று ஐயர் கேட்டார். நகரத்திலிருந்து பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிய ஒருவரைக் காரில் கூட்டி வந்தார்கள். அவர் நான்கு-இரண்டு-ஒன்றை எப்சிபாவைவிட அழகாக வாசித்தார், கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், தேரி அசையவில்லை. அவருக்கு இளநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எப்சிபா தினமும் பிற்பகல் மூன்று மணிக்குப் போஸ்டாபீசைப் பூட்டிவிட்டு ஆலயத்துக்குப் போனாள். போய் அரைமணி நேரம் நான்கு-இரண்டு-ஒன்று வாசித்தால் தேரி மெல்லத் திரும்பி ஓர் எட்டு மேற்கே போகும். மறுநாள் மத்தியானக் காற்றில் ஓர் எட்டு கிழக்கே வரும். ஞாயிறு பிரசங்கத்துக்கு ஏற்ற பாட்டை ஐயர் எடுத்த காலம் போய், மோதிரவிரலுக்கு ஏற்ற பாட்டை எடுத்து அதற்கு ஏற்ற பிரசங்கத்தை அவர் எழுதிக்கொண்டார். சந்தையில் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, "இன்னைக்கு நாலு நல்லா விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பியானோவைத் தொட்டே பார்க்காத ஆண்கள், டீக்கடை மேசையில் விரல்களை விரித்து வைத்து, மணிக்கட்டைத் தாழ்த்தினால் நான்காம் விரலுக்குப் பாரம் குறையுமா கூடுமா என்று தர்க்கம் பண்ணினார்கள். ஊர் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டிலிருந்து கோழிச்சாறு வந்தது, ஒரு வீட்டிலிருந்து ஓமத்தைலம் வந்தது. பாடகர் குழுவின் ஆண்கள் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து வந்து கோயில்பிச்சையைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். போஸ்டாபீசில் வரிசையில் நின்றவர்களே தபால்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். ஆலயத்தில் நோயாளிகளுக்காகவும் பயணம் போகிறவர்களுக்காகவும் ஜெபிக்கிற இடத்தில், "எங்கள் சகோதரியின் இடது கை மோதிரவிரலுக்காகவும்" என்று ஐயர் சேர்த்துக்கொண்டார். சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது. அந்த விரலைத் தவிர மற்றபடி அவள் எப்படி இருக்கிறாள் என்பதற்கு ஜெபத்தில் இடம் வரவில்லை. யாருடைய தப்பும் இல்லை. விரல்தானே மலையைத் தள்ளுகிறது.

பதினேழாம் நாள் கருங்காட்டூரிலிருந்து இசக்கி வந்தான். கருங்காட்டூர் தேரிக்கு மேற்கே இருக்கிற சின்ன ஊர். ஆடு வளர்க்கிறவர்களின் நாற்பது வீடு, ஒரு சாஸ்தா கோயில், இரண்டு கிணறு. இசக்கி அந்தக் கோயிலின் பூசாரி. போஸ்டாபீஸ் கம்பிச் சன்னலுக்கு வெளியே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"போஸ்டக்கா, ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல. நீங்க தள்ளுதீய, அது எங்க பக்கம் வருது. ரெண்டு கெணத்துல ஒண்ணு மூடிப்போச்சு. இன்னொண்ணுக்கு ரெண்டு எட்டுதான் கெடக்கு."

எப்சிபா முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். "ஒரு எட்டு வருதுன்னா ஒரு எட்டுதான இசக்கி தள்ளுதேன்."

"அது வரயில சின்ன எட்டா வருது, போவயில பெரிய எட்டாப் போவுது. எங்காளுக அளந்துட்டாவ."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மோதிரவிரல் நடுக்கணுவில் வீங்கிச் சிவந்திருந்தது. ஊரைக் காப்பாற்றுகிற பயத்தில் அது தேவைக்கு மேல் அழுத்தியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "நான் என்ன செய்ய?"

"விரலக் கொஞ்சம் மாத்திப் போடச் சொல்லி எங்க ஊர்ல பேசுதாவ" என்றான் இசக்கி. கோபமில்லாமல்தான் சொன்னான். போகும்போது தன் ஊருக்கு வந்திருந்த இரண்டு கடிதங்களையும் வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு ஊரும் சேர்ந்து ஆலயத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசின. யாரும் யாரையும் கை நீட்டிப் பேசவில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் கல்யாணம் கிடையாது என்றாலும் பால் உண்டு, முருங்கைக்காய் உண்டு, வைத்தியம் உண்டு. கடைசியில் தவசிமுத்து ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். திங்கள், புதன், வெள்ளி மோதிரவிரல்: மேற்கே. செவ்வாய், வியாழன், சனி சுண்டுவிரல்: கிழக்கே. ஞாயிறு இரண்டு ஆராதனையிலும் நடுவிரல்: நிறுத்தம். சுண்டுவிரல் நாளில் நடுவில் நின்றுகொண்டு இசக்கி பார்ப்பான், மோதிரவிரல் நாளில் தவசிமுத்து பார்ப்பார். தாளை பியானோவின் மேல் ஒட்டிவிட்டு எல்லோரும் காபி குடித்தார்கள். எப்சிபாவும் குடித்தாள். அவளிடம் சரியா என்று கேட்டார்கள், அவள் சரி என்றாள்.

அப்படியே ஆடி போய் ஆவணி வந்தது, ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. காலையில் எழுந்து புருஷனைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, தபால் பிரித்து, முத்திரை குத்தி, மூன்று மணிக்குப் பூட்டி, ஆலயத்துக்குப் போய் மலையை மேற்கே தள்ளி, வந்து புருஷனைப் புரட்டி, சோறு வடித்து, படுத்து, எழுந்து, புருஷனைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, தபால் பிரித்து, முத்திரை குத்தி, மூன்று மணிக்குப் பூட்டி, ஆலயத்துக்குப் போய் மலையைக் கிழக்கே கூப்பிட்டு, வந்து, வடித்து, படுத்து, எழுந்து, அவள் எந்தக் கிழமை எந்த விரல் என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்காதவளாக ஆனாள். தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போது இடது கை தானாக நான்கு-இரண்டு-ஒன்று போட்டது. முத்திரை குத்தும்போது ஐந்து-இரண்டு-ஒன்று போட்டது. வாசிக்கும்போது அடிச்சுரம் வழியாகத் தேரியின் கனம் மணிக்கட்டுக்கு வந்து, முழங்கைக்கு ஏறி, தோளில் உட்கார்ந்தது. வரவர அந்தக் கனத்தில் ஒரு மாறுதல் இருந்ததை அவள் மட்டுமே அறிந்தாள். முதலில் பதினோரு அடி எட்டு வைத்த தேரி இப்போது எட்டடி கூட வைப்பதில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. திரும்பும்போது உச்சியில் மணல் புகைந்தது, மூச்சு வாங்குவதுபோல. தவசிமுத்து அதை அளந்து, "சுருங்குது, நல்லதுதான்" என்று நோட்டில் எழுதினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் கோயில்பிச்சைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று தலையைத் திருப்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு தெளிவாகத்தான் வரும், கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

"ஏட்டி, இன்னைக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"நாளக்கி?"

"நிறுத்தம். திங்கக்கிழம மேக்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன் சொல்லுதேன். ஒரு ஊர்க்காரன் முன்னால எடுங்கான், ஒரு ஊர்க்காரன் பின்னால எடுங்கான். நிறுத்த எடம் ஒருத்தனும் குடுக்கல்ல. அதுக்கு கிழக்கயும் வேண்டாம் மேக்கயும் வேண்டாம். எங்கனயாச்சும் உக்காரணும்."

"அஞ்சு-மூணு-ஒண்ணு வாசிச்சா நிக்குதே அத்தான்."

"நிக்கது வேற, உக்காருதது வேற. நின்னுகிட்டே இருக்கதும் வேலதான்டி."

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலோரத்தில் அவருடைய அசையாத இடது கைமேல் தன் இடது கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வீங்கிய மோதிரவிரலும் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் துவண்டு கிடந்தன. சுண்டுவிரலும் கட்டைவிரலும் மட்டும் பழக்கத்தை விட முடியாமல் அவர் கைமேல் மாறி மாறி மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன. ஐந்து-ஒன்று. ஐந்து-ஒன்று. நடுவில் மூன்று விரலும் சும்மா கிடந்தன.

"என்ன வாசிக்க?" என்று அவர் கேட்டார். அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. கண்ணால் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணும் வாசிக்கல்ல. ரெண்டு விரல் தானா ஆடுது."

அப்போது தெருவில் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டு, தேரி தெற்கே முகத்தைத் திருப்பிவிட்டது, எட்டு வைக்கவில்லை, ஆனால் திரும்பி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எப்சிபா தட்டுவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில், மறுபடியும் ஊரைப் பார்த்துத் திரும்பிவிட்டது என்று அதே குரல் சொன்னது.

"தெக்க என்ன கெடக்கு?" என்று கோயில்பிச்சை கேட்டார். அவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"நம்ம விளை" என்றாள் எப்சிபா.

இரண்டு ஊருக்கும் தெற்கே, பஸ் போகிற ரோட்டை ஒட்டி, ஒன்றரை ஏக்கர் நிலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் அவர் வாங்கியது. அதில் வீடு கட்டி, படிக்கட்டே இல்லாமல் நேராக உள்ளே போகிற மாதிரி வாசல் வைத்து, ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய சன்னல் வைத்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட்டு என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வானம் தோண்டி, கருங்கல் இறக்கி, அஸ்திவாரம் தரைமட்டத்துக்கு வந்த வாரத்தில்தான் இடது பக்கம் விழுந்தது. இரண்டு வருஷமாக அஸ்திவாரம் அங்கே கிடந்தது; அவர் இங்கே கிடந்தார். என்றைக்காவது கட்டுவோம் என்று இருவரும் பேசிக்கொள்வது உண்டு. கட்ட மாட்டோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தாலும், பேசாமல் இருந்ததில்லை.

அன்று அவர் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் மூன்று மணிக்குப் போய்க் கிழக்கே கூப்பிட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார். திங்கள் காலையில், அவள் அவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அஸ்திவாரம் நல்ல கல்லு. நானே பாத்து எறக்குனது. தாங்கும்."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "சன்னல் வைக்கணும்னு சொன்னியளே அத்தான்."

"வண்டி எந்நேரம் வருதுன்னு எனக்குச் சத்தத்துலயே தெரியும்" என்றார். பிறகு, "வரச் சொல்லு" என்றார்.

மூன்று மணிக்கு எப்சிபா ஆலயத்துக்குப் போனாள். மேற்கே தள்ளுகிற நாள் ஆனதால் தவசிமுத்து நோட்டோடும் அளவுநாடாவோடும் வெளியே நின்றிருந்தார். கிணற்றுக்காரர்கள் சார்பாக இசக்கியும் வந்து சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். அவள் பியானோவைத் திறந்து, சனிக்கிழமை கட்டிலோரத்தில் வைத்திருந்த அதே மாதிரி, கையைத் தொய்வாக வைத்தாள். தொடக்கம் படிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விரல் அது. அடியில் சுண்டுவிரல் ஒரு சுரம், மேலே கட்டைவிரல் ஒரு சுரம், நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி வாசித்தால் பாட்டு வெறும் வீடு மாதிரிக் கேட்கும் என்று இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் தவசிமுத்து நாக்கைத் தட்டிக் காட்டியதிலிருந்து, அவள் அதை ஆலயத்தில் வாசித்ததே இல்லை. இப்போது வாசித்தாள். ஐந்து-ஒன்று, ஐந்து-ஒன்று. வலது கையில் ஒரு பழைய பாட்டை, அடக்க ஆராதனையில் பாடுகிறதை, பாதி வேகத்தில் எடுத்தாள். மேற்கே தள்ளுகிற நாளொன்றில் மோதிரவிரல் முதல் தடவையாகக் கட்டைமேல் எதையும் தொடாமல் கிடந்தது.

தவசிமுத்து உள்ளே வந்தார்.

"மைனி, இன்னைக்கு மேக்க தள்ளுத நாள்லா. என்ன விரல் போடுதீய?"

"எனக்கு வசதிப்பட்ட விரல்."

"எடது கை நெறஞ்சு கேக்கல்லியே."

"நெறைய வேண்டாம் அண்ணாச்சி. இவ்வளவுதான் என்னால முடியும்" என்றாள் எப்சிபா. வாசிப்பதை நிறுத்தாமல்தான் சொன்னாள்.

அவர் நாக்கைத் தட்டவில்லை. வெளியே இசக்கி கூப்பிட்டதால் போய்விட்டார். தேரி தெற்கே திரும்பியிருந்தது. திரும்பி, எட்டு வைத்தது. பெரிய எட்டு இல்லை. நடந்து நடந்து கால் ஓய்ந்தவர்கள், வீடு தெரிந்த பிறகு வைக்கிற எட்டு. ஆலயத்தின் மேற்குச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, ஒவ்வொன்றாக வெளுத்தன. நெல்லை மரக்காலில் அள்ளி அள்ளிக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் சுவரோரமாகப் போனது. வீடுகளில் இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள்; கருங்காட்டூர்க்காரர்கள் ஆடுகளை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்; ரோட்டில் வந்த நாலரை மணி பஸ் நின்று, இறங்கவேண்டியவர்களை இறக்கிவிட்டு, தேரி போகட்டும் என்று காத்திருந்தது. எப்சிபா எதையும் பார்க்கவில்லை. கையில் வருகிற கனத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வாசித்தாள். நாற்பத்தோரு எட்டு. ஒவ்வொன்றிலும் கனம் கொஞ்சம் இறங்கியது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு. ஐந்தரை மணிக்கு அது விரல்நுனியையும் விட்டது.

விளையில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள்: தேரி அஸ்திவாரத்துக்கு முன்னால் வந்து நின்றது, கொஞ்சம் யோசித்தது, பிறகு முன்பக்கத்தை மெல்லத் தாழ்த்திக் கல்லைத் தொட்டுப் பார்த்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டு தரையில் உட்காருகிற கனத்த பெண்பிள்ளைபோல முதலில் ஒரு பக்கத்தையும் அப்புறம் மறுபக்கத்தையும் இறக்கி, உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் பாதி உயரம் ஆகிவிட்டது. தவசிமுத்து அளந்து நோட்டில் எழுதினார்: இரண்டு பனை.

ஊர் அதையும் சீக்கிரத்தில் பழக்கிக்கொண்டது. கருங்காட்டூரில் மூடிய கிணறு தானாகத் தெரிந்தது, கொஞ்சம் தூர் எடுத்ததோடு சரி. கிழமை போட்ட தாளை யாரோ பியானோவிலிருந்து கிழித்து அதன் பின்பக்கத்தில் பாடகர் குழுவின் பேர்களை எழுதினார்கள். ஜெபத்தில் மோதிரவிரல் இரண்டு வாரம் இருந்தது, மூன்றாம் வாரம் ஐயர் மறந்துவிட்டார். கோழிச்சாறு நின்றது. தபாலை எப்சிபாவே பிரித்தாள். கோயில்பிச்சையைப் புரட்டிப் போட வருகிற ஆண்கள் மட்டும், ஏன் என்று யாரும் சொல்லாமலே, வந்துகொண்டிருந்தார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்களில் இரண்டு பேரிடம் அவர், "என்னைய அங்கன கொண்டு போங்கடே" என்றார்.

ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எப்சிபா பின்னால் தண்ணீர்ச் செம்போடு நடந்தாள். விளையில், வாசல் வைக்க நினைத்திருந்த இடத்துக்குமேல், சரிவில் அவரை இறக்கி உட்காரவைத்தார்கள். மணல் இன்னும் சூடாக இருந்தது. எப்சிபா அவருடைய இடது கையைத் தூக்கி மணலில் வைத்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை; அது கிடந்தது. அவர் ரோட்டைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த உயரத்துக்கு, தெற்கே வளைவுவரை தெரிந்தது.

"ஆறேகால் வண்டி இன்னும் வரல்ல" என்றார்.

"வரும்" என்றாள் எப்சிபா, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆலயத்தில் மணி அடித்தது. நாளைய ஆராதனைக்குப் பாட்டுப் பழக்கம். தூக்கி வந்தவர்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். "போஸ்டக்கா, வரல்லியா? தவசிமுத்து அண்ணாச்சி தேடுவாரு."

"நீங்க போங்க. முடிஞ்சதும் வந்து இவ்வோளத் தூக்கிட்டுப் போங்க."

அவர்கள் போனார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு தவசிமுத்துவின் குரல் தனியாகத் தொடங்கியது, மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கீழே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் பாட்டு வந்தது. முதல் சரணம் சரியாக இருந்தது. இரண்டாவதில் பெண்கள் கொஞ்சம் தாழ்ந்தார்கள், ஆண்கள் அவர்களோடு தாழ்ந்தார்கள். மூன்றாவதில் மொத்தப் பாட்டும் அரைச் சுரம் கீழே இறங்கிவிட்டது. அவள் எதிர்பார்த்த இடத்தில்தான் இறங்கியது. மத்தியானம் தொடங்கிய காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தேரி அசையவில்லை. எப்சிபா கால்களை நீட்டிக்கொண்டு, பாட்டு இறங்கிக்கொண்டே போவதைக் கேட்டபடி இருந்தாள்.